உடைந்த கண்ணாடியா, வெட்டிய கண்ணாடியா?

அபிவிருத்தி வேலையில் இருக்கும் எம் எல்லாருடைய காரியாலயங்களிலும் ஒரு கண்ணாடி அலுமாரி உண்டு. பங்குமனையாயினும் சரி, மாதர் சங்கத்தின் சிறு அறையாயினும் சரி, உள்ளே நுழைந்தவுடன் அது கண்ணிற் படும். பனையோலைப் பெட்டிகள், சிப்பி ஒட்டிய கிண்ணங்கள், சிரட்டைக் கரண்டிகள், துணிப் பொம்மைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி: இன்ன கிராமத்துப் பெண்களால் செய்யப்பட்டது. வெளியூரிலிருந்து வரும் விருந்தாளி தேநீர் குடித்து முடிந்ததும் அந்த அலுமாரிக்கு முன்னால் அழைத்துச் செல்லப்படுவார். அவரும் முகத்தாட்சணியத்துக்காக ஒன்றை வாங்குவார். அடுத்த விருந்தாளி வரும்வரை அலுமாரி பூட்டியிருக்கும்.

நாமும் பதினைந்து வருடங்களுக்கு மேலாக அத்தகைய அலுமாரியொன்றின் சாவியை வைத்திருந்தவர்கள்தான். ஆகவே பிறரைக் குறைகூறும் தகுதி எமக்கில்லை. அந்த அலுமாரிக்குள் வைப்பதற்கு எமது தாய்மார் சிலர் மறுத்துவிட்ட ஒரு பொருளைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

பொருளின் பெயர் கலைடஸ்கோப். ஒரு குழாய்க்குள் மூன்று கண்ணாடிப் பட்டிகளை முக்கோணமாக வைத்து, முனையில் வளையல் துண்டுகளைப் போட்டு, மறுமுனையிற் கண்ணை வைத்துத் திருப்பினால் பூப்பூவாக விரியுமே, அதுதான். நம்மிற் பலர் பாடசாலை நாட்களில் விஞ்ஞான ஆசிரியரின் சொற்படி அதைச் செய்து, இரண்டு நாள் பார்த்து மகிழ்ந்து, பின்னர் தொலைத்திருப்போம். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் அதற்குப் 'பூக்குழாய்' என்று பெயர் வைத்தார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்கிறோம்.

கிராம முன்னேற்றம் பேசும் இதழில் கொட்டாஞ்சேனைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கொழும்பு 13 என்ற முகவரிக்குள் இருக்கும் தொடர்மாடிகளிலும் தோட்டங்களிலும் வாழ்பவர்களிடம் ஊர் எதுவென்று விசாரித்துப் பாருங்கள். மன்னார் என்பார்கள், யாழ்ப்பாணம் என்பார்கள், மட்டக்களப்பு, ஹட்டன், பதுளை என்பார்கள். எமது கிராமங்கள்தான் இங்கே மாடிமேல் மாடியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கிராமத்துப் பெண்களுக்கு நாம் கொண்டுபோகும் தையல் இயந்திரமும் மெழுகுதிரி அச்சும் மிளகாய்த்தூள் பொதியுந்தான் இங்கேயும் வந்து சேர்கின்றன. அங்கே நாம் விடும் பிழைகளையே இங்கேயும் விடுகிறோம்.

2017 ஓகஸ்ட் விடுமுறையில் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கைவேலை வகுப்பு நடத்தினோம். விளையாட இடமில்லாத பிள்ளைகள். வெசாக் கூடு கட்டவும் நத்தாருக்கு நட்சத்திரக் கூடு கட்டவும் ஏற்கெனவே கை பழகியவர்கள். அவர்களுள் ஒரு சிறுவனின் தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. துணிக் கடைகளில் புடைவைச் சுருள் முடிந்ததும் வீசப்படும் தடித்த மட்டைக் குழாய் ஒன்றைப் பையன் தூக்கிக்கொண்டு வந்தான். இதில் என்ன செய்யலாம் பாதர் என்று கேட்டான். எமக்குத் தெரிந்தது ஒன்றேயொன்றுதான்.

குழாய் கிடைத்துவிட்டது; கண்ணாடிக்கு எங்கே போவது? படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் விசாரித்தோம். ஓரங்களில் வெட்டிக் கழித்த துண்டுகள் பெட்டி நிறையக் கிடந்தன. கடைக்காரர் காசு வாங்கவில்லை. யாராவது கையை வெட்டிக்கொண்டால் தன்னிடம் ஓடிவரக்கூடாது என்று மட்டும் சொன்னார். முதலிற் செய்தவை வெறும் யன்னல் கண்ணாடியில் பின்பக்கம் கறுப்புக் கடதாசி ஒட்டிச் செய்தவைதான். ரசம் பூசாத கண்ணாடி எப்படி முகக்கண்ணாடிபோல் நடக்கும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மழை நனைத்த தார் வீதியில் தூரத்து வாகனத்தின் விளக்கு நீளமாய்த் தெரிகிறதல்லவா, கண் தாழ்ந்து சாய்வாகப் பார்க்கும்போது பளபளப்பான எந்தப் பரப்பும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும் என்று சொல்லிக் கொடுத்தோம். அன்று பின்னேரம் மழை பெய்தது. பிள்ளைகள் படிக்கட்டிற் குந்தியிருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடத் தொண்டில் எமக்குக் கிடைத்த நல்ல பாடவேளைகளில் அதுவும் ஒன்று.

வகுப்பு முடிந்தது, பிள்ளைகள் போனார்கள். ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வந்த தாய்மாரில் ஏழு பேர் போகவில்லை. அவர்களுள் மூத்தவர் 1990 இல் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். முப்பது வருடமாகச் சட்டை தைப்பவர். தன் மகள் செய்த குழாயை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பூவில ஒரு இதழ் மெலிஞ்சு கிடக்குது, ஏன்?" என்று கேட்டார். எமக்கு அதுவரை தெரியவில்லை. பத்து நிமிடம் உற்றுப் பார்த்த பின்னர்தான் கண்டோம். மூன்று பட்டிகளில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு மில்லிமீற்றர் அகலங் குறைந்தது. அதனாற் கோணம் தவறிவிட்டது. கையை அளவுக்குப் பழக்கிய ஒருவரின் கண்ணுக்கு அது சட்டையில் ஒரு கை கட்டையாக இருப்பதுபோல் உறுத்தியிருக்கிறது.

இங்கே சற்று நின்று இந்தக் கோணத்தின் கதையைச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் பின்னர் நடந்ததெல்லாம் அதிலேதான் தங்கியிருக்கிறது.

இரண்டு கண்ணாடிகளை 60 பாகையில் நிறுத்தினால் ஆறு பங்குள்ள பூ கிடைக்கும். 45 பாகையில் எட்டு. 30 பாகையிற் பன்னிரண்டு. 360 ஐக் கோணத்தாற் பிரித்தால் மீதியின்றி இரட்டை எண் வரவேண்டும். வராவிட்டால் கடைசிப் பிம்பங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பூவில் ஒரு பிளவு தெரியும். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனாற் சிக்கு முடிவடையாமல் நிற்பது போல. சம அகலமுள்ள மூன்று கண்ணாடிகளை முக்கோணமாக வைத்தால் மூலைகள் மூன்றும் 60 பாகையாகி, பூ ஒன்றோடு நில்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகொண்டே போகும். வளையல் துண்டுகள் கண்ணாடியின் முனையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தாற் சமச்சீர் கெடும். துண்டுகள் கிடக்கும் அறையை நிரப்பிவிடக் கூடாது. பாதிக்கு மேற்பட்டால் அவை விழுந்து புரள மாட்டா. நிறமில்லாத் தெளிந்த துண்டுகளும் நடுவே வேண்டும். எல்லாம் நிறமாக இருந்தால் பூ இருண்டுவிடும்.

வெட்டுவது அடுத்த கலை. சிறு சில்லுக் கத்தியில் மண்ணெண்ணெய் தொட்டு, சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். நின்று நின்று இழுத்தாலோ இரண்டாம் முறை அதே கோட்டில் ஓட்டினாலோ கண்ணாடி தன் இஷ்டத்துக்கு முறியும். இழுத்தபின் மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து. 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே வெட்டு நேராக விழுந்ததா என்று சொல்லும் அளவுக்கு அந்த மன்னார்த் தாய் தேறிவிட்டார். உட்பக்கத்தில் ஒரு விரலடையாளம் பட்டு மூடிவிட்டால் அது என்றைக்கும் அங்கேதான். ஒன்றாகவும் நிற்காது, எதிர்க் கண்ணாடிகளில் விழுந்து பலவாகத் தெரியும். ஆகவே மூடுமுன் துடைப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அவர் வேறு எதையும் தொடமாட்டார்.

சில மாதங்களில் அவர்கள் யன்னல் கண்ணாடியை விட்டுவிட்டு, ஆமர் வீதிப் பக்கமாகப் போய் ரசம் பூசிய மெல்லிய கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். தடித்த கண்ணாடியில் முன்பரப்பும் மங்கலாகப் பிரதிபலிப்பதால் பூவுக்கு ஒரு நிழல் விழுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். நாம் எந்தப் புத்தகத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

புத்தகம் நாம் பின்னர்தான் படித்தோம். படித்தபோது வியப்பாயிருந்தது. கலைடஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான டேவிட் புறூஸ்ரர். ஒளியைக் கண்ணாடித் தட்டுகளில் பலமுறை தெறிக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்த அவர் 1816 இல் இதைக் கண்டார். 1817 இல் காப்புரிமை பெற்றார். (அவரும் ஸ்கொட்லாந்துத் திருச்சபையிற் பிரசங்கம் செய்ய அனுமதி பெற்ற ஒருவர்தான், மேடையில் ஏறினால் நடுக்கம் எடுத்ததால் விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பினார். எமது குருமடத் தோழர்கள் சிலரும் நடுக்கத்துக்கு அப்படி ஒரு வழி கண்டிருந்தால் ஞாயிறு மக்களுக்கு நன்மையாயிருந்திருக்கும்.) காப்புரிமையால் அவருக்குப் பெரும் பயன் எதுவும் கிடைக்கவில்லை. உரிமை உறுதியாகுமுன் மாதிரியொன்று இலண்டன் கண்ணாடிக் கடைக்காரர்களின் கண்ணிற் பட்டுவிட்டது. பேர்மிங்ஹாமில் அதைச் செய்ய அனுமதி பெற்றிருந்த பிலிப் கார்ப்பென்ரரால் கேள்விக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தகரக்காரனும் தச்சனும் செய்தார்கள். மூன்று மாதத்தில் இலண்டனிலும் பரிசிலுமாக இரண்டு இலட்சம் விற்றதாக ஒரு கணக்கு உண்டு. புறூஸ்ரர் 1819 இல் எழுதிய நூலில் வயிறெரிந்து சொல்வது வேறொன்று: அத்தனை இலட்சத்திலும் முறைப்படி கோணம் அமைத்துச் செய்தவை ஆயிரம் தேறுமோ என்பது சந்தேகம்.

அந்த இரண்டு இலட்சம் எங்கே போயின? குப்பைக்கு. ஐம்பது வருடம் கழித்து அமெரிக்காவில் சார்ள்ஸ் புஷ் என்ற ஜேர்மன் குடியேறி, கண்ணாடிக் குமிழ்களுக்குள் திரவத்தையும் ஒரு காற்றுக் குமிழியையும் அடைத்து, துண்டுகளோடு சேர்த்துப் போட்டார். குழாயை நிறுத்தின பின்னும் குமிழி மெல்ல நகர்ந்து பூ மாறிக்கொண்டிருக்கும். அவர் செய்தவற்றை இன்றைக்கும் சேகரிப்போர் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அதே பொருள்தான். ஒன்று குப்பைக்குப் போனது, மற்றொன்று கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறது.

இனி 2019 க்கு வருவோம். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் நடந்ததை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் அந்த வாரம் முழுவதும் வெள்ளைக் கொடிகள். அதன்பின் உதவிகள் வந்தன. பலவும் தேவையானவை, நன்றிக்குரியவை. அவற்றோடு வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் ஆட்களும் வந்தார்கள். பூக்குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். மிகவும் பிடித்துவிட்டது. நத்தாருக்குள் அறுநூறு வேண்டும் என்றார்கள். நாம் கேட்டதைவிடக் கூடிய விலை. ஒரேயொரு நிபந்தனை: ஒவ்வொரு குழாயோடும் ஒரு அட்டை இணைக்கப்படும். அதன் வாசகத்தை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். உடைந்த வாழ்வு, உடைந்த கண்ணாடி, அதிலிருந்து மலரும் நம்பிக்கை என்ற கருத்தில். அறுநூறை இத்தனை நாளில் திருத்தமாகச் செய்ய முடியாதே என்றோம். வாங்குகிறவர்கள் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள், அட்டையைத்தான் வாசிப்பார்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

எமக்கு அது தவறாகப் படவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். மறையுரைக்கு நல்ல உவமை என்றுகூட நினைத்தோம்.

தாய்மாரைக் கூட்டி அட்டையை மொழிபெயர்த்துச் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மன்னார்த் தாய் சொன்னார்: "சுவாமி, இது உடைஞ்ச கண்ணாடி இல்லையே. காசு குடுத்து வாங்கி, அளந்து வெட்டின கண்ணாடி. வளையல்தான் உடைச்சது. அதையும் நாங்கதான் உடைச்சம்."

இன்னொருவர், மூன்று பிள்ளைகளின் தாய், கணவன் துறைமுகத்திற் கூலி வேலை. அவர் கேட்டார்: "பாதர், மாசம் பிறந்தா வாடகை குடுக்கணும். அட்டையில என்ன எழுதினா எனக்கென்ன? அத நானா வாசிக்கப் போறன்?"

வாசகர்களே, இந்த இரண்டு பேச்சையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாமவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று இன்றும் எம்மாற் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் பேசினார்கள். ஈற்றில் நால்வர் ஒரு பக்கம், மூவர் ஒரு பக்கம். எண்பது குழாய்களைத் திருத்தமாகச் செய்து தருவோம், அட்டை வேண்டாம், செய்தவரின் பெயரை மட்டும் அடியில் எழுதுவோம் என்று பதில் போயிற்று. நிறுவனத்தார் நாகரிகமாக நன்றி தெரிவித்துவிட்டு வேறிடம் போனார்கள். மூன்று பிள்ளைகளின் தாய் குழுவை விட்டு விலகினார். கோயில் வாசலிற் கண்டால் ஸ்தோத்திரம் சொல்வார். அதற்கு மேற் பேச்சில்லை.

அந்த நால்வரும் எடுத்த முடிவு சரியென்பதே எமது கருத்து. அதை எமது வயிற்றைப் பணயம் வைக்காமற் சொல்கிறோம் என்பதும் எமக்குத் தெரியும். எனினும் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

பூக்குழாயைத் திறந்து, வளையற் துண்டுகளைக் கொட்டிவிட்டு, நான்கு தீக்குச்சியையும் கொஞ்சம் உழுந்தையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் பூ வரும். பூவைத் தருவது கோணம். துண்டுகள் உடைந்தவையா முழுமையானவையா என்று கண்ணாடி கேட்பதில்லை. அந்த அட்டை என்ன செய்தது? அந்தப் பெண்களின் வேலையைத் துடைத்தெறிந்துவிட்டு அவர்களுடைய துயரத்தை விற்பனைக்கு வைத்தது. மில்லிமீற்றர் பார்த்து வெட்டிய கைக்கு அதில் இடமேயில்லை. கோணம் தவறினாலும் அதே விலைதான் என்றால், கோணம் பார்க்கக் கற்றுக்கொண்டது எதற்கு? இரக்கத்தில் வாங்கியவர் இரண்டாம் முறை வாங்க மாட்டார்; அடுத்த ஆண்டு அவருடைய இரக்கம் வேறொரு நாட்டின் துயரத்துக்குப் போய்விடும். அதை நாம் குறைகூற முடியாது. பொருள் நன்றாயிருப்பதற்காக வாங்கியவரோ இன்னொன்று கேட்டு வருவார். பழுது வந்தாற் சண்டை பிடிக்கவும் வருவார். பூவில் ஒரு இதழ் மெலிந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் குழாயைத் திருப்பிக் கொண்டுவந்த நாளில் அந்தத் தாய்மார் அடைந்த மகிழ்ச்சியை நாம் பார்த்தோம். அவர் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறார் அல்லவா!

இது நடவாத காரியம், ஏழைப் பெண்களின் கைவேலைக்குத் தரம் பார்த்து யார் காசு கொடுப்பார் என்று சொல்வோருக்கு எமது தீவிலேயே பதில் உண்டு. 1869 இல் இலங்கைக்கு வந்த நல்லாயன் சபை அருட்சகோதரிகள் கொட்டாஞ்சேனையில் நடத்தும் பாடசாலையை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. அச்சபையினர் ஆதரவற்ற இளம் பெண்களுக்கென நெசவு நிலையம் நடத்தினார்கள். நெய்தவை நிலையத்தின் நற்பெயருக்காக விற்றிருக்கும். ஆனால் சபையின் ஐரிஷ் தலைவியான மதர் குட் கவுன்சில், பார்பரா சன்சோனி என்ற ஓவியரை அழைத்து நிறத்தையும் அமைப்பையும் பார்க்கச் சொன்னார். சன்சோனி தறிக்கு முன்னாற் போய் நின்று நிறங்களை எண்ணி எண்ணி வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே 1964 இல் தொடங்கிய 'பெயர்ஃபுட்'. 2022 இற் சன்சோனி காலமானபோது அந்தக் கைத்தறித் துணி உலகின் பல பாகங்களிலும் அறியப்பட்டிருந்தது. யாரும் அதைப் பாவம் பார்த்து வாங்கவில்லை.

எமது குருமடத்துக் கிரேக்கம் பெரும்பாலும் மறந்துபோயிற்று. ஆயினும் புறூஸ்ரர் வைத்த பெயரைப் பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. 'கலோஸ்' என்றால் அழகியது, 'எய்தோஸ்' வடிவம், 'ஸ்கோபெயின்' பார்த்தல். யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் 'நல்ல ஆயன்' என்று நாம் வாசிக்கும் இடத்திலும் நிற்பது இதே 'கலோஸ்' தான். நல்லது, அழகியது இரண்டுக்கும் ஒரே சொல். எமது பேச்சிலும் சோறு நல்லாயிருக்கு, சேலை நல்லாயிருக்கு, ஆள் நல்லவர் என்று ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். அப்படியானால் கோணல்மாணலாகச் செய்கிற பிள்ளைகளை நிறுத்திவிட வேண்டுமா? இல்லவே இல்லை. படிப்பதற்காகச் செய்வது வேறு, விற்பதற்காகச் செய்வது வேறு. அபிவிருத்தித் தொண்டர்களாகிய நாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம் என்பதே எமது முறைப்பாடு. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பகுதியில், குவேக்கர் சபையாரின் கிராமிய நிலையம் ஒன்றும் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் சேர்ந்து 1972 இல் 16 கிராமப் பாடசாலைகளில், கையாற் செய்து பார்த்தே விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கின. 2002 இல் மாநில அரசு நிறுத்தும்வரை அது முப்பது வருடம் நடந்தது. கான்பூர் ஐ.ஐ.ரி.யில் படித்த அரவிந்த் குப்தா அங்கே சென்று வேலை செய்தவர். தீக்குச்சி, சைக்கிள் வால்வு றப்பர், கண்ணாடிப் பட்டி என்று எறியும் பொருட்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்யக் காட்டியவர். 2018 இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் பொம்மைகளை யாரும் விலைக்கு வைக்கவில்லை. கோணம் தவறிய குழாய்தான் பிள்ளைக்குக் கோணத்தைக் கற்பிக்கும். திருத்தமான குழாய் அதைச் செய்யாது. 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனையை ஊரடங்கு மூடியபோது, ஒற்றை அறை வீடுகளுக்குள் அடைபட்ட பிள்ளைகள் தம் பழைய கோணற் குழாய்களைப் பிரித்து மீண்டும் மீண்டும் கட்டினார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். ஒருத்தி உள்ளே தன் தாத்தாவின் மாத்திரை உறைகளைப் போட்டிருந்தாள். அந்தக் குழாயை எடுத்து அலுமாரியில் வைத்து விலைத்துண்டு ஒட்டினால் பிள்ளைக்கும் அநியாயம், வாங்குகிறவருக்கும் அநியாயம்.

ஆகவே சக தொண்டர்களிடம் கேட்பது இதுதான். ஒரு கைப்பணியைத் தொடங்குமுன் இது பாடமா, பிழைப்பா என்று தீர்மானியுங்கள். பிழைப்பென்றால் மூன்று நாள் பயிற்சி, சான்றிதழ், குழுப்படம் என்று முடித்துவிடாதீர்கள். கண்ணாடியை ஒரே இழுவையில் வெட்டப் பழக எமது தாய்மாருக்கு மாதக்கணக்கில் எடுத்தது. அந்த மாதங்களில் வீணாகும் கண்ணாடிக்கும் அவர்களுடைய நாட்கூலிக்கும் வரவுசெலவில் ஒரு வரி வையுங்கள்; நிதி தருவோர் முகஞ்சுளித்தாலும் வையுங்கள். எமது சொந்தத் திட்டத்தில் நாம் அதை வைக்கவில்லை. அந்தச் செலவை அவர்கள் தம் இராத் தையற் காசிலிருந்து கொடுத்தார்கள் என்பது எமக்கு வெகு காலத்தின் பின்னரே தெரியவந்தது.

இன்றைய நிலையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். புறக்கோட்டை நடைபாதையில் பிளாஸ்ரிக் கலைடஸ்கோப் ஒரு பாண் விலைக்குக் கிடைக்கிறது. அதோடு விலையிற் போட்டியிட எந்தக் கைக்கும் இயலாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டைவிட 69.8 வீதம் ஏறி நின்ற நாட்களில் கண்ணாடி வாங்கவும் முடியவில்லை, குழாய் வாங்க ஆளும் இல்லை. நால்வரில் இருவர் அப்போது நிறுத்தினார்கள். இரண்டு பேர் இன்னும் செய்கிறார்கள். கேட்டு வருவோருக்கு மட்டும், மாதத்துக்கு ஒரு சில. அடியில் பெயரும் திகதியும் எழுதிக் கொடுக்கிறார்கள். இது ஏழு குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய வெற்றிக் கதையன்று.

நிறுத்திய இருவரில் ஒருவர், மூடுமுன் கண்ணாடி துடைப்பவர் என்று மேலே குறிப்பிட்டோமே, அவர் வெட்டுவதையும் பிற்பாடு கற்றுக்கொண்டிருந்தார். படச்சட்டக் கடைக்காரர், அதுதான் கை வெட்டினால் வராதே என்றவர், அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கடையிற் கண்ணாடி வெட்டும் முதற் பெண் அவர்தான். திட்டக் காசில் வாங்கிய சில்லுக் கத்தி அவரிடந்தான் இருக்கிறது. பொருட்பதிவேட்டில் அது இன்னும் எமது கணக்கிலேயே கிடக்கிறது. கணக்காய்வாளர் வருடாவருடம் கேட்கிறார், நாமும் வருடாவருடம் பாவனையில் உள்ளது என்று எழுதிக் கொடுக்கிறோம்.